கூடு கட்டும் பொட்டலம்

பனைமரத்தடியில் ஒரு குயில் கடை போட்டது. கூடு கட்டுவதற்கான பொட்டலங்களை விற்றது. ஒவ்வொன்றிலும் எண் போட்ட நார்களும் ஓர் உருண்டைக் களிமண்ணும் இருந்தன. மேலே, கட்டி முடித்த கூட்டின் படம். குயில் தன் வாழ்நாளில் ஒரு கூடும் கட்டியதில்லை. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

ஒரு தூக்கணாங்குருவி ஒரு பொட்டலம் வாங்கியது. வாங்கிய அன்றே அதற்குக் கூடு கட்டி முடித்த களைப்பு வந்துவிட்டது. அடுத்த வாரம் இன்னும் அழகான படத்தோடு ஒன்று வந்தது. அதையும் வாங்கியது. இப்படி ஐந்து சேர்ந்தன.

தூக்கணாங்குருவிகளில் ஆண்தான் கூடு கட்டும். பாதி கட்டியதும் பெண் வந்து பார்க்கும். பிடித்தால்தான் குடித்தனம். மழைக்கு முன்னால் ஒரு பெண்குருவி வந்தது.

"கூடு எங்கே?"

"இதோ, ஐந்து இருக்கிறதே! இது மாடி வைத்தது. இது இரட்டை வாசல்."

"முட்டையைப் படத்தின் மேலா வைப்பேன்?"

"எது பிடிக்கிறதென்று சொல். நாளைக்கே பிரிக்கிறேன்."

"பக்கத்து மட்டையில் ஒருத்தன் கோணலாகக் கட்டியிருக்கிறான். ஆனாலும் உள்ளே போய் உட்கார முடிகிறது" என்று சொல்லிவிட்டு அது அங்கே பறந்தது.

மழை பிடித்துக்கொண்டது. பொட்டலங்கள் நனைந்துவிடாமல் ஆண்குருவி அவற்றின் மேல் இறக்கையை விரித்துப் படுத்தது.

கீழேயிருந்து குயில் கூவியது. "தம்பி, பொட்டலங்களை மூடி வைக்க உறை வந்திருக்கிறது!"

குருவி நனைந்த தலையை நீட்டியது.

"என்னென்ன நிறத்தில் அண்ணே?"