ஒன்பது வந்த பகா எண்

வேறெதனாலும் வகுபடாத பகா எண்தான் குடும்பத்தைப் பிரியாமல் காக்கும் என்று மனிதகுலம் கடைசியில் கண்டுகொண்டது. அன்று முதல் பெண் பார்க்கப் போனால், பஜ்ஜிக்கு முன்பே பெண்ணின் குடிமக்கள் எண்ணைக் கேட்டார்கள்.

ஏற்கெனவே இரண்டு வரன் தட்டிப்போன நிறைமதியின் இருபது இலக்க எண்ணை ஜோதிடர் கூட்டிப் பார்த்தார். "ஒன்பது வருது! அம்சமான பகா எண்!" மாப்பிள்ளையின் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

கல்யாணம் முடிந்ததும் நிறைமதி கணவனைக் கேட்டாள். "கூட்டி ஒன்பது வந்தா அந்த எண் ஒன்பதால வகுபடுமே. நீங்க கணக்கு வாத்தியாராச்சே, உங்களுக்குத் தெரியாதா?"

"அப்பவே தெரியும். சொல்லியிருந்தா எங்கம்மா எழுந்து போயிருப்பாங்க."

"வாயைத் திறக்காததுக்கு ரொம்ப நன்றிங்க" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மாப்பிள்ளையின் எண்ணை யாரும் கேட்கவில்லை. அது எட்டில் முடிகிறது.