திரும்பும் இடம்

ராயபுரத்துப் பிள்ளைகளை வீடு வீடாகப் போய்க் கெஞ்சிக் கூட்டி வந்து, கேட்டமரான் பாய்ப்படகு ஓட்டப் பழக்கினார் பிராங்கிளின். அவர்களில் சில்வியாதான் கெட்டி. ஆனால் துறைமுகத்துக் கல் சுவருக்கு எதிரே வந்தால் போதும், பாயைத் தளர்த்திவிட்டுக் கனவில் இருப்பவள் போல நின்றுவிடுவாள்.

"அங்க அவளுக்கு யாரோ கீறாங்க சார்" என்று மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள்.

பிராங்கிளினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நாளைக்கு செலக்‌ஷன் ரேஸ். இன்னிக்கும் நின்னியானா உன் பேரை எடுத்துடுவேன்" என்று அவரே அவள் படகில் ஏறிக்கொண்டார்.

மாலை மங்கலில் கடலும் வானமும் ஒரே நீலமாகக் கரைந்திருந்தன. படகு அந்தரத்தில் மிதப்பது போலிருந்தது. கல் சுவர் வந்தது. சில்வியா பாயைத் தளர்த்தினாள்.

"யாரு அவன்?"

சுற்றிலும் பார்த்தார். ஒரு படகுகூட இல்லை.

"மேல பாருங்க சார்."

சுவருக்குப் பின்னால், வானத்தை முட்டி நின்ற கிரேன் உச்சியில் ஒரு விளக்கு இரண்டு தடவை கண் சிமிட்டியது. சில்வியா எழுந்து நின்று கையை ஆட்டினாள்.

"எங்க நைனா சார். அதுதான் அந்த கிரேனை ஓட்டுது. அது வூட்டுக்கு வர்றப்போ நான் தூங்கிடுவேன். நான் ஸ்கூலுக்குப் போறப்போ அது தூங்கிகினு இருக்கும். இங்கதான் பாத்துக்குவோம்."



மறுநாள் மாலை பந்தயம். எல்லாப் படகுகளும் வேகத்தைக் குறைத்துத் திரும்பியே ஆகவேண்டிய சிவப்பு மிதவையை, அந்த கிரேனுக்கு நேர் எதிரே கொண்டுபோய்ப் போட்டிருந்தார் பிராங்கிளின்.