ஜிப் வைத்த உறை

“நாலு பக்கமும் மூடித் தைச்சிடு குழலி. ரெட்டிபாளையத்து சிமெண்ட்டு ஆலைத் தூசி அப்படி” என்றாள் மாமியார் அஞ்சலை.

எட்டு மாதப் பேத்திக்காகப் பூங்குழலியின் அப்பா குன்னத்திலிருந்து தேக்குத் தொட்டிலைச் சீராகக் கொண்டுவந்து இறக்கியிருந்தார். பூங்குழலி அதற்குத்தான் உறை தைத்துக்கொண்டிருந்தாள்.

“மேல கொசுவலைத் துணி வச்சிக்கலாம் அத்தை.”

“வலையில சிமெண்ட்டுத் தூசி நிக்குமா? ரெக்சின் வையி. எம்.எஸ்சி. படிச்ச புள்ளைக்கு இதையும் சொல்லணுமா?”

“சரி. பாப்பா வேற இருமிக்கிட்டே இருக்கா. டாக்டரும் தூசியில போடாதீங்கன்னாரு.”

“ஜிப்பும் வச்சிரு. பொட்டுத் தூசி உள்ள போவக் கூடாது.”

“ஜிப்பா? மூச்சு முட்டிடும் அத்தை.”

“தொட்டிலுக்கு எதுக்குடி மூச்சு?”

மிஷின் நின்றது. “அப்ப பாப்பா?”

“அவ எப்பயும் போலத் தரையில கெடக்கட்டும். தூசி பட்டா புள்ளையக் குளிப்பாட்டிக்கலாம். தேக்கைக் குளிப்பாட்ட முடியுமா?”

பூங்குழலி மிஷினை மறுபடி மிதித்தாள். தொட்டில் உறையை முடித்து மாட்டினாள். மீதி ரெக்சினில் மாமியாரின் கட்டிலுக்கும் ஒரு உறை தைத்து, ஜிப்பை இழுத்து மூடினாள். இன்றைக்கு எங்கே படுக்கிறாள் என்று பார்க்கலாம்.

மத்தியானம் தூங்க வந்த அஞ்சலை கட்டிலைத் தடவிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. “இப்பதான் இந்த வூட்டு மருமவளா ஆயிருக்க” என்று தரையில் பாயை விரித்து, பேத்தியையும் பக்கத்தில் போட்டுக்கொண்டு படுத்தாள். இரண்டு பேரும் இருமினார்கள்.

தொட்டில் உறையில் ஜிப் இருந்தது. பூங்குழலி கத்திரிக்கோலைத்தான் எடுத்தாள்.