கோணல் டிவி

அஞ்சலாட்சியின் புது ஓட்டலுக்குள் நுழைந்த ஆரோக்கியம்மாள் அசந்துபோனாள். வீடு மாறும்போது மகன் மூலம் அவளிடம் விற்ற பழைய சாமான்கள் அத்தனையும் தன் ஹாலில் இருந்தபடியே இருந்தன. ஷோகேஸில் தலையாட்டும் செட்டியார் பொம்மை, பக்கத்தில் பாரீசிலிருந்து மச்சினர் கொண்டுவந்த குட்டி ஈபிள் டவர், சுவரில் மணி கோத்த கிளி.

"எது எங்க இருந்துச்சுன்னு எம்புள்ள நெல்சன் போட்டோ காட்டினானா?"

"இல்லம்மா. எனக்கே ஞாபகம் இருக்கு."

ஷட்டர் வைத்த டிவிப் பெட்டி மட்டும் ஜன்னலைப் பார்த்துக் கோணலாக நின்றது. ஆரோக்கியம்மாள் அதை நேராக்கப் போனாள்.

"அத மட்டும் திருப்பாதீங்கம்மா."

"கோணலா நிக்குதே. சோபாவுல உக்காந்து பாத்தா கழுத்து வலிக்குதுன்னு எங்க வீட்டுக்காரரு தெனம் திட்டுவாரு."

"அப்படியும் நீங்க நேரா வெக்கலியே."

ஆரோக்கியம்மாள் அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"நீ எப்பம்மா எங்க வீட்டுக்கு வந்த?"

"உள்ள வந்ததே இல்லம்மா. உங்க வீட்டுக்காரருன்னா எங்களுக்குப் பயம். ஞாயித்துக்கிழமை படத்துக்கு ஜன்னல் கம்பியப் புடிச்சிக்கிட்டுத் தெருவுல நின்ன பசங்கள்ல நானும் ஒருத்தி. எங்களுக்குத் தெரியணும்னுதான நீங்க டிவியத் திருப்பி வெச்சீங்க?"

அஞ்சலாட்சி ஆரோக்கியம்மாளின் கையைப் பிடித்து, ஜன்னலோரம் போட்டிருந்த மேஜைக்கு அழைத்துப்போனாள்.

"நாங்க நின்ன எடத்துல உக்காந்து பாருங்கம்மா. இங்கேருந்து நேராத்தான் தெரியும்."