யானை வெட்டிய குளம்

கோடையில் ஓடை வற்றியது. காட்டில் எல்லோரும் குடிக்கட்டும் என்று யானை ஒரு குளம் வெட்டியது. ஊற்று சுரந்து நீர் நிறைந்தது. கரை நாலு பக்கமும் சுவர்போல் செங்குத்தாக நின்றது. ஆனால் யாரும் வந்து குடிக்கவில்லை. முதலை கிடக்கும் மடுவுக்கே போனார்கள்.

யானைக்கு மனம் கசந்தது. எதிரே வந்த முயலை நிறுத்திக் கேட்டது.

"பாடுபட்டு வெட்டியிருக்கிறேன். முதலை வாயில் போய் ஏன் விழுகிறீர்கள்?"

"என் தங்கை நேற்று உங்கள் குளத்துக்குத்தான் வந்தாள், அண்ணே. தண்ணீர் எட்டவில்லை. எட்டிக் குனிந்தவள் உள்ளே விழுந்துவிட்டாள். கூடப் போன ஆமை குதித்து முதுகு கொடுத்தது. அதில் ஏறித் தாவித் தப்பித்தாள். ஆமையால்தான் ஏற முடியவில்லை. இன்னும் உள்ளேயே இருக்கிறது."

யானை ஓடிப்போய்த் துதிக்கையை நீட்டி ஆமையைத் தூக்கிக் கரையில் விட்டது.

பிறகு ஆமையிடம் மெதுவாகக் கேட்டது: "கரை எப்படி இருந்தால் உன்னால் இறங்கி ஏற முடியும்?"

"நான் நடந்து காட்டுகிறேன். ஆனால் எனக்கு என் கால்தான் தெரியும். மற்றவர்களையும் கேளுங்கள்."

யானை எல்லோரையும் அழைத்தது. ஆமை நடந்த இடத்தில் கரையை மிதித்துச் சரித்தது. மான் காட்டிய பக்கம் புதரை விலக்கியது. தவளைக்காக ஒரு மூலையில் கோரையை நட்டுவைத்தது. குளம் கோணல்மாணலாகிப் போனது.

அன்று மாலை யானை தண்ணீர் குடிக்க வந்தது. கரையில் கால் வைக்க இடமில்லை. காதுகளை ஆட்டிக்கொண்டு, தன் முறைக்காகச் சந்தோஷமாகக் காத்து நின்றது.