நீல இழை

குகை இறாலுக்குக் கண்ணும் கிடையாது, நிறமும் கிடையாது; தின்றது வயிற்றில் ஒளிவுமறைவில்லாமல் தெரியும். வயிறு நிறைந்தால்தான் முட்டையிடும். குகை ஊற்றுநீர் குழாய்வழி வந்து விழும் ஆய்வகத் தொட்டியில் ஆறு வருடமாக அவள் இலைத்தூள் போட்டு வளர்த்தும் ஒன்றுகூட முட்டையிட்டதில்லை.

அதே குகையை அளக்கப் போன அவள் கணவன் திரும்பவில்லை. ஒன்பது நாள் தேடிவிட்டுக் கையை விரித்தார்கள். மறுநாள் காலை, பதினான்கு இறால்களின் வயிற்றிலும் நீலம்.

"தீனிய மாத்திட்டியாம்மா?" என்றார் ஆய்வக அதிகாரி.

"இல்ல சார்."

உருப்பெருக்கியில் கம்பளி இழை தெரிந்தது. அவன் போட்டுக்கொண்டு போன நீல ஸ்வெட்டர் அவள் பின்னியது.

மாமியார் போனில் கேட்டாள்: "ஏதாவது சேதி உண்டாம்மா?"

"இல்ல அத்தை."

அன்றிலிருந்து அவள் தீனி போடவில்லை. மறுவாரம் பெட்டை இறால்கள் எல்லாம் முட்டை சுமந்தன.