விரிப்புக்குக் கீழே

அவன் சாப்பாட்டு மேசையில் கிடந்த சிறு விரிப்பைத் தூக்கினான்.

கீழே மேசை வெள்ளையாக இருந்தது.

மற்ற இடமெல்லாம் நெய் நிறம். மகள் ஆரணி உட்கார்ந்து சாப்பிடும் இடத்தில் மட்டும், விரிப்பின் அளவுக்கு ஒரு வெள்ளைக் கட்டம்.

மேப்பிள் மரம் அப்படித்தான். வெளிச்சம் பட்டுப் பட்டு மஞ்சளாகும். மூடிய இடம் மட்டும் வெட்டிய நாளைப் போலவே கிடக்கும். டொரொண்டோவில் அலமாரி செய்து கொடுத்த வீடுகளில் எல்லாம் சொல்லியிருக்கிறான், பூச்சாடியை ஒரே இடத்தில் வைக்காதீர்கள் என்று. தன் வீட்டு விரிப்பை யார் தூக்கிப் பார்த்தார்கள்.

மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருடம் செய்த மேசை. மேப்பிளில் மென்மையான வகையும் உண்டு, பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். மரக்கடையில் பலகை பலகையாக நகத்தால் அழுத்திப் பார்த்தான். நகம் பதிந்ததை ஒதுக்கினான். பிள்ளை பென்சிலால் குத்துவாள். கரண்டியால் அடிப்பாள். அவளுடைய பிள்ளைகளும் இதில்தான் சாப்பிட வேண்டும்.

மனைவி மைதிலி தேக்கு நிறம் கேட்டாள். மேப்பிள் சாயத்தைத் திட்டுத் திட்டாகக் குடிக்கும் என்று மறுத்துவிட்டான்.

நாளைக்கு ஆரணியின் இரண்டாம் ஆண்டுத் திவசம்.

சொந்தக்காரர் வருவார்கள். இந்த மேசையில்தான் படைக்க வேண்டும். இப்படித் திட்டோடு எப்படி?

மனைவி வேலை முடிந்து வருவதற்குள் செய்துவிடலாம்.

கராஜிலிருந்து தேய்க்கும் மெசினைக் கொண்டுவந்தான். முதலில் சொரசொரப்பான தாள். பிறகு நைசான தாள். மஞ்சள் தூளாகப் பறந்தது. அடியில் இருந்த வெள்ளை மேலே வந்தது.

இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை ஒரே நிறம்.

மகள் போன பிறகு இன்றைக்குத்தான் அவனுக்குக் கை இலேசாக இருந்தது. மைதிலிக்காக ஒன்று செய்துவிட்டோம் என்று சந்தோஷப்பட்டான்.

கதவு திறந்தது. மைதிலி காலிலிருந்த சப்பாத்தைக் கழற்றாமல் அப்படியே நின்றாள்.

"அந்த இடம் எங்க?"

"எது?"

"பிள்ளையின்ர இடம்."

"அது திட்டு, மைதிலி. தேய்ச்சு எடுத்திட்டன். இப்ப எல்லாம் ஒண்டாக் கிடக்கு."

அவள் மேசையைத் தடவினாள். இன்னும் தூள் ஒட்டியது.

"ஒவ்வொரு நாளும் விடிய நீங்கள் குளிக்கேக்க, விரிப்பைத் தூக்கி அதில கை வச்சுப்போட்டுத்தான் நான் வேலைக்குப் போறனான்."

அவள் சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பான்.

கதிரையில் கிடந்த விரிப்பை எடுத்து அவள் மேசையில் வைத்தாள். பார்த்தாள். கொஞ்சம் இடப்பக்கம் தள்ளினாள். பிறகு தன் பக்கம் இழுத்தாள்.

"இதிலயோ?"

அவனைத்தான் கேட்டாள்.

மேசையின் நீளம், அகலம், காலின் தடிப்பு எல்லாம் அவனுக்கு மனப்பாடம்.

அளவுநாடாவை விளிம்பில் வைத்து இழுத்தான். எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் இழுத்துக்கொண்டே இருந்தான்.